மூக்கில் வயர் தொங்கும் வண்டிகள்



கனடாவில் நான் இருக்கும் வின்னிபெக் நகருக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக் குழம்புவார்கள். கார், ட்ரக் எதுவானாலும் முன்பக்கக் கிரில்லுக்குள்ளிருந்து ஒரு பிளக் நாக்கு மாதிரி வெளியே தொங்கும். வாகனம் நிறுத்தும் இடங்களில் வரிசையாகக் கம்பங்கள், அவற்றில் மின்சார இணைப்பு. "இங்கே எல்லாமே கரண்டில் ஓடுற வண்டியோ?" என்று என் மைத்துனர் கேட்டார். இல்லை, பெட்ரோலும் டீசலும்தான். அந்த வயர் போய்ச் சேருவது எஞ்சினின் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு சின்ன ஹீட்டருக்கு. பிளாக் ஹீட்டர் என்போம்.

ஜனவரி இரவில் இங்கே மைனஸ் 30 சர்வசாதாரணம். எஞ்சின் ஆயில் பாகாக இறுகிவிடும், பேட்டரிக்குப் பாதித் தெம்பும் மிஞ்சாது. டீசல் எஞ்சினுக்கு இன்னும் பெரிய சங்கடம். அதில் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கி அழுத்தி, அந்தச் சூட்டிலேதான் டீசல் பற்ற வேண்டும். இரும்பு உறைந்து கிடந்தால் அந்தச் சூட்டை இரும்பே குடித்துவிடும்.

இதற்கு ஒரு வழி கண்டவர் எல்லைக்கு அந்தப் பக்கம், வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ்காரர், ஆண்ட்ரூ ஃப்ரீமன். எஞ்சின் தலையை இறுக்கும் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு, உள்ளே ஹீட்டர் பொதிந்த போல்ட்டை அங்கே பூட்டினார். 1949இல் காப்புரிமை கிடைத்தது. இப்போது பெரும்பாலும் கூலன்ட் ஓடும் அறைக்குள்ளேயே ஹீட்டரை இறக்கிவிடுகிறார்கள்.

போன மாரியில் ஒரு பொடியன் தன் டீசல் பிக்கப்பைப் பழுதுபார்க்க என்னிடம் கொண்டுவந்தான். "அண்ணை, ஹீட்டர் வேலை செய்யேல்லை. போன கிழமைதான் நானே புதுசு போட்டனான்."

"முதல் வயரைப் பாப்பம் தம்பி" என்றேன். ஹீட்டர் செத்தது என்று வருகிற வண்டிகளில் அநேகமாகச் செத்திருப்பது வயர்தான். உப்பும் பனியும் அரித்திருக்கும்; அல்லது பிளக்கைக் கழற்ற மறந்து வண்டியை எடுத்திருப்பார்கள். மீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். 120 வோல்ட்டில் 1000 வாட் ஹீட்டர் என்றால் 14, 15 ஓம் காட்ட வேண்டும். இவனுடைய வயர் நல்லாகவே இருந்தது. ஹீட்டரின் முனைகளில் வைத்தேன், ஒன்றுமே காட்டவில்லை. உள்ளே கம்பி அறுந்துவிட்டது.

சரி, கழற்ற வேண்டியதுதான். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் அடித் திருகைத் திறந்து கூலன்ட்டை வாளியில் பிடித்தேன். இந்த இடத்தில் ஒரு வார்த்தை: கூலன்ட் இனிக்கும், ஆனால் நஞ்சு. நாயோ பிள்ளையோ கிட்டே வராமல் உடனே மூடி வையுங்கள்.

ஹீட்டரின் நடுத்திருகைத் தளர்த்தினால், உள்ளே சுவரைப் பிடித்திருக்கும் குறுக்குத் துண்டு பிடியை விடும். பிறகு மெல்ல ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். நெம்பினால் துவாரத்தின் விளிம்பு காயப்பட்டு, ஆயுளுக்கும் கசியும். வெளியே வந்ததைப் பார்த்தேன். புதுக்கருக்குக் குலையாத ஹீட்டர், ஆனால் கம்பி கறுத்து வெடித்திருந்தது.

"பூட்ட முதல் பிளக்கில குத்திப் பாத்தனீரோ?"

"ஓம் அண்ணை, சும்மா ஒருக்கா. சூடாகுதோ எண்டு..."

வாளித் தண்ணீருக்குள் போட்டுச் சுட வைக்கும் ஹீட்டர் கம்பி ஊரில் பல வீடுகளில் இருக்கும். தண்ணீருக்குள் இறக்காமல் சுவிட்சைப் போடாதே என்று அம்மாமார் கத்துவார்களே, அதே சாதிதான் இதுவும். கூலன்ட் சூட்டை வாங்காவிட்டால் சில விநாடிகளில் தன்னையே எரித்துக்கொள்ளும்.

துவாரத்தை நல்லாகத் துடைத்து, புது ஹீட்டரின் ரப்பர் வளையத்துக்குக் கொஞ்சம் கூலன்ட் பூசி, கம்பி உள்ளே எந்தச் சுவரிலும் முட்டாதபடி திருப்பி வைத்து இறுக்கினேன். கூலன்ட் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழெல்லாம் வெளியேறி மட்டம் இறங்க, மறுபடி நிரப்பினேன். பொடியன் பிளக்கும் கையுமாக நின்றான். "பொறும்" என்றேன். இரண்டு தரம் சொல்லவேண்டி வந்தது.

கடைசியில் குத்தியபோது, கேத்தில் கொதிக்க முன்னம் போடுமே ஒரு முனகல், அது கேட்டது. அவன் கிரில்லோடு காதை ஒட்டிக்கொண்டு, "இரவு முழுக்கப் போட்டுவிடவோ அண்ணை?" என்றான்.

"ஏன் கரண்டுக்குக் காசைக் கொட்டுவான்? காலமை ஆறு மணிக்கு வெளிக்கிடுறதெண்டா மூண்டு மணிக்கு டைமரை வையும்."