உயிர்பெறாக் கணிப்பொறி

(ஆசிரியர், மாணவர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



மேசைக் கணிப்பொறி ஒன்று ஒரு காலைப்பொழுதில் உயிர்பெற மறுக்கின்றது. குமிழை அழுத்தினால் விளக்கொளி இல்லை. விசிறியின் ஒலி இல்லை. திரை இருண்டு கிடக்கின்றது. உடையவர் என் செய்கின்றார்? பொறியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகின்றார். கடைக்காரர் "எசு.எம்.பி.எசு. போயிற்று" என்கின்றார், மறுநாள் "மதர்போர்டும் போயிற்று" என்கின்றார். போனது எது, அதன் வேலை யாது என்று உடையவர்க்கு விளங்குவதில்லை. கேட்டறியச் சொல்லும் அவரிடம் இல்லை. ஆகவே கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டுத் திரும்புகின்றார். கடைக்காரர் எல்லாரும் ஏய்ப்பவர் அல்லர். நேர்மையாளர் பலர் உளர். ஆயினும் அறியாதவன் நேர்மையையும் ஏய்ப்பையும் எங்ஙனம் பிரித்துணர்வான்?

பொறிநுட்பத்தைத் தமிழில் சொல்ல இயலாது என்பார் இன்னும் இந்நாட்டில் உலவுகின்றனர். அவரோடு சொற்போர் இடுவதினும் சொல்லிக் காட்டுவதே நன்று. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. உடல்நோய்க்கு அங்கு வகுக்கப்பெற்ற முறை பொறிநோய்க்கும் பொருந்தும்: குறியை முதலில் காண்க, கரணியத்தை அடுத்து நாடுக, தீர்வைப் பின்னரே தேடுக. நம்மவரோ தீர்வில் தொடங்குகின்றனர்!

முதலில் பெட்டியைத் திறவாமலே செய்யத்தக்கன. சுவரிலுள்ள செருகுவாயில் மேசைவிளக்கு ஒன்றைச் செருகிப் பார்க்க. அஃது எரியாவிடின் குற்றம் கணிப்பொறியினது அன்று. எரியுமாயின், இடையிலுள்ள நீட்சிப் பலகையின் சொடுக்கியையும், மின்வடம் பெட்டியின் பின்புறம் இறுகப் பொருந்தியுள்ளதா என்பதையும் பார்க்க. அவ்விடத்திலேயே பெரும்பாலான பொறிகளில் இன்னொரு சொடுக்கி உண்டு. ஒருபக்கம் வட்டமும் மறுபக்கம் கோடும் பொறிக்கப்பட்டிருக்கும். கோடுள்ள பக்கம் அழுந்தியிருந்தால்தான் மின்னோட்டம் உட்செல்லும். பெருக்கித் துடைப்பவர் கைபட்டு அது மாறிவிடுவதுண்டு. பழைய பொறிகள் சிலவற்றில் 115, 230 என்று எண்ணிட்ட சிறு தள்ளுகட்டையும் இருக்கும். இந்நாட்டில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டு. கட்டை 115இல் நின்றால் உள்ளுறுப்பு வெடித்துப் புகையும்; ஆகலின் சிறுவர் விரல் அங்குச் செல்லலாகாது. (வோல்ட்டு என்பது இத்தாலிய அறிஞர் வோல்ட்டாவின் பெயரால் அமைந்த அளவு. மாந்தர் பெயரை மொழிபெயர்க்க வேண்டுவதில்லை.)

இவை செம்மையாயின், வடத்தைக் கழற்றிவிட்டு முகப்புக் குமிழை அரை மணித்துளி அழுத்திப் பிடிக்க. உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடியும். மீண்டும் வடத்தைப் பொருத்த, பொறி எழுந்துவிடுவதும் உண்டு.

எழாவிடின் மின்வழங்கியை ஐயுறலாம். எசு.எம்.பி.எசு. எனக் கடையில் வழங்குவது இதுவே. அவ்வெழுத்துகளைச் சிறுவன் ஓராண்டு உருப்போட்டாலும் பொருள் தோன்றாது. மின்வழங்கி என்ற அளவில் அதன் தொழில் புலப்படுகின்றது. 230 வோல்ட்டு மாறுமின்னோட்டத்தை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டு நேர்மின்னோட்டங்களாக்கி உறுப்புகளுக்கு வழங்குவது அதன் பணி. 1995இல் இண்டெல் நிறுவனம் ஏ.டி.எக்சு. என்னும் அமைப்பை வகுத்தது. அதற்கு முந்திய பொறிகளில் முகப்புக் குமிழ் மின்னோட்டத்தையே நேராக வெட்டும், இணைக்கும். புதிய அமைப்பிலோ குமிழ் கதவன்று, அழைப்புமணி. மின்வழங்கி உறங்கும்போதும் 5 வோல்ட்டு ஒன்றைத் தாய்ப்பலகைக்கு ஈந்துகொண்டே இருக்கும். குமிழை அழுத்தினால் தாய்ப்பலகை பச்சைக் கம்பியைக் கருப்புக் கம்பியோடு இணைக்கும். அப்போதே மின்வழங்கி விழித்தெழும்.

இதனை அறிந்தவர்க்கு ஆய்வு எளிது. வடத்தைக் கழற்றுக. மின்வழங்கியின் இணைப்புகள் அனைத்தையும் விடுவிக்க. 24 துளைகள் கொண்ட பெரிய இணைப்பில் பச்சைக் கம்பியின் துளையையும் அதனை அடுத்த கருப்பின் துளையையும் வளைத்த தாள்கவ்வியால் இணைக்க. அதன்பின்னரே வடத்தைப் பொருத்திச் சொடுக்கியை இடுக. கவ்வியை அப்போது தொடலாகாது. விசிறி சுழன்றால் மின்வழங்கி முற்றும் இறந்திலது என்க. முழு நலத்தோடு உள்ளது என்று துணிதல் கூடாது. சுமை இல்லாதபோது விசிறி சுழலாத வகையும் உண்டு. எல்லாக் கம்பியும் கருப்பாகவே அமைந்த வகையும் உண்டு. அங்கெல்லாம் கையேட்டைப் பார்த்தோ மின்னளவியைக் கொண்டோ ஆய்க.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மின்வழங்கியின் கூட்டை எவரும் திறவற்க. அதனுள் இருக்கும் மின்தேக்கி, வடத்தைப் பிடுங்கிய பின்னும் 325 வோல்ட்டு அளவில் மின்னைத் தேக்கி வைத்திருக்கக் கூடும். அது ஆளைக் கொல்லும்.

மின்வழங்கி நன்றாயின், முகப்புக் குமிழிலிருந்து வரும் இரு மெல்லிய கம்பிகளைத் தாய்ப்பலகையிலிருந்து கழற்றி, அவை பொருந்திய இரு ஊசிகளையும் திருப்புளி முனையால் ஒரு நொடி தொட்டிணைக்க. பொறி எழுந்தால் குமிழ் ஒன்றே பழுது. இச்சிறு குமிழுக்காகத் தாய்ப்பலகையையே மாற்றியோர் இருக்கக்கூடும்!

விசிறி சுழன்றும் திரை இருண்டிருப்பது வேறு நோய். அங்கு நினைவகப் பட்டைகளைக் கழற்றி, பொன்பூச்சு முனைகளைத் துடைத்து, இருபுறக் கவ்வியும் சொடுக்கென்று ஒலிக்கும்வரை அழுத்திப் பொருத்துக. தொடுமுன் பெட்டியின் மாழைப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்குக. செயலிக்குத் தனியே செல்லும் 4 அல்லது 8 துளை இணைப்பு கழன்றிருந்தாலும் திரை எழாது. தாய்ப்பலகையில் உருளை வடிவ மின்தேக்கிகள் தலை வீங்கியிருந்தால் அதுவே குறி. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாழ்ந்த மின்பகு நீர்மத்தால் அவ்வாறு கெட்ட பலகைகள் மிகப் பல. காசுபோன்ற 3 வோல்ட்டு மின்கலத்தைப் பலரும் முதலில் பழிப்பர். அது தீர்ந்தால் நாளும் மணியும் மறக்குமேயன்றிப் பொறி இறத்தல் அரிது.

இத்தனையும் செய்தும் எழாதாயின், தாய்ப்பலகை, செயலி, ஒரே நினைவகப் பட்டை இவற்றை மட்டும் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டுக் கடைக்குச் செல்க. சென்று, "மின்வழங்கி ஆய்ந்தாயிற்று, விசிறி சுழல்கின்றது, குமிழ் பழுதன்று, நினைவகம் மாற்றிப் பார்த்தாயிற்று, தாய்ப்பலகையையும் செயலியையும் பாருங்கள், மாற்றினால் பழையதைத் திருப்பித் தாருங்கள்" என்று தமிழிலேயே சொல்க.