தனித்து உழைப்போரும் நம் கடமையும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



எளியேனுக்கு இன்று அளிக்கப்பட்ட பொருள் உழைப்பின் உயர்வு என்பது. உழைப்பின் பெருமையைக் கொங்கு நாட்டாருக்கு யான் எடுத்துரைத்தல் கொல்லன் தெருவில் ஊசி விற்றலை ஒக்கும். ஆதலின் அப்பொருளின் ஒரு கூற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம்முடைய வேலையின்பொருட்டு ஒருவரை இருளிலும், ஆழத்திலும், காட்டோரத்திலும் தனியே அனுப்புகின்றோம். அவர் நலமே மீண்டாரா என்று பார்ப்பது யாருடைய கடமை? இதுவே யான் உங்கள்முன் வைக்கும் வினா.

துணை என்னும் சொல்லுக்கு உதவி என்பது ஒரு பொருள்; அளவு என்பது மற்றொரு பொருள். இத்துணை, அத்துணை என்று நாம் வழங்குவது அப்பொருள் பற்றியே. ஒருவர்க்கு நாம் எவ்வளவு துணையாய் நிற்கின்றோம் என்பதே நம் பெருமைக்கும் அளவாகும் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

நம் முன்னோர் காலத்தில் கிணற்று நீரைக் கவலை கட்டி இறைத்தனர். எருதுகளை ஓட்ட ஒருவர் வேண்டும்; மடை திருப்ப மற்றொருவர் வேண்டும். வேலையே இருவரைக் கூட்டி வைத்தது. ஒருவர் இடறி வீழ்ந்தால் மற்றவர் கூவி ஊரை அழைப்பார். 1932-ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன்பின் கோயமுத்தூர்ச் சீமையில் ஆலைகள் பெருகின. கிணறுதோறும் மோட்டார் வந்தது. எருதுகள் இளைப்பாறின, நிலம் செழித்தது. ஆயின் இருவர் செய்த வேலையை ஒருவர் செய்யலாயினர். கிணற்றுக் கவலை ஒழிந்தது; ஆளைப் பற்றிய கவலையோ அவர் மனையாள் நெஞ்சில் குடிபுகுந்தது. எந்திரம் நமக்கு எத்துணையோ நன்மை செய்தது. உழைப்பவரின் துணையை மட்டும் பறித்துக்கொண்டது. விசைத்தறிக் கூடத்தில் நள்ளிரவில் ஒருவர் தனித்து நிற்பதும், பஞ்சுக் கிடங்கிற்கு ஒரே காவலாளி இருப்பதும் இவ்வகையினவே.

நிற்க. மும்முனை மின்சாரம் இரவில் வருங்காலத்தே தண்ணீர் பாய்ச்சச் செல்வார்க்கு நேரும் இடர்கள் யாவை? முதலாவது, ஈரக்கையுடன் மோட்டார்ப் பெட்டியைத் தொடுதல். நில இணைப்பு இல்லாத பெட்டி எமனுக்கு இட்ட வாயிலாகும். இரண்டாவது, பன்றியைத் தடுப்பதற்கென்று சிலர் சட்டத்திற்கு மாறாக வேலிக்கு மின்சாரம் பாய்ச்சுதல். அது பன்றியையும் அறியாது, பக்கத்துத் தோட்டக்காரரையும் அறியாது. மூன்றாவது, பாம்பு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் இறந்தனர் என்று 2020-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கணித்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கே பெரும்பாலான இறப்பிற்குக் காரணம். இவற்றுள் கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவாரைத் தீண்டும். பலகால் வலியே தோன்றாது. மோட்டார் அறையில் வெறுந்தரையில் படுப்பவர்க்குக் கட்டிலும் கொசுவலையும் தருதல் பெருஞ்செலவு அன்று. கடியுண்டவரைக் கீறுதலும், இறுகக் கட்டுதலும், மந்திரிக்கக் கொண்டுசெல்லுதலும் தீங்கே. கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, அவரை நடக்க விடாது, நஞ்சு முறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். தனித்திருப்பவரை யார் தூக்குவார்? ஆகவேதான் துணை வேண்டும் என்கிறேன்.

என் வகுப்பு மாணாக்கன் ஒருவன் பாடவேளையில் அடிக்கடி கண்ணயர்ந்தான். வினவினேன். "அப்பா ராத்திரி தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போறாருங்கய்யா, அம்மா என்னையும் கூடப் போகச் சொல்லுதுங்க" என்றான். அவன் தந்தை பிறர் தோட்டத்தில் கூலிக்கு உழைப்பவர். உடையவர் செய்ய வேண்டிய காவலைப் பதின்மூன்று வயதுச் சிறுவன் செய்கின்றான். அவன் கல்வியே அதற்கு விலையாகின்றது. இது நமக்கு அழகாகுமா?

இனி, ஆழத்தில் இறங்குவாரைப் பற்றிச் சில சொல்வேன். தூர் வாரப்படாத பழங்கிணற்றிலும் மூடிய தொட்டியிலும் உயிர்வளி குறைந்திருக்கும். கரியமிலவாயு காற்றினும் கனமாதலின் அடியிலே தங்கும். கிணற்றுள் டீசல் எஞ்சினை இறக்கி ஓட்டினால், அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு நிறமும் மணமும் இன்றிக் கொல்லும். பண்டையோர் விளக்கை இறக்கிப் பார்ப்பர், அணைந்தால் இறங்கார். நற்பழக்கமே, ஆயினும் அணையாத விளக்கு நஞ்சின்மைக்குச் சான்றாகாது, எரிவளி நிறைந்த கழிவுத் தொட்டியிலோ விளக்கே பகையாகும். முதல்வர் மயங்கி வீழ, அவரைத் தூக்க இறங்கியவரும் வீழ்ந்து மாண்ட செய்திகளை நாளிதழ்களில் எத்துணை முறை படித்திருக்கின்றோம்! மேலே நிற்கும் துணைவர் இறங்குதற்கு உரியவர் அல்லர். கயிற்றைப் பிடித்தற்கு உரியவர். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 36-ஆம் பிரிவில் இதனையே கூறிற்று. உள்ளிருக்கும் வாயுவை நீக்குதற்குரிய முயற்சி யாவும் செய்தல் வேண்டும். தக்கார் ஆராய்ந்து சான்று அளித்தல் வேண்டும். அன்றேல் இறங்குபவர் மூச்சுக் கருவியும் கச்சையும் பூண்டு, கச்சையிற் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. கழிவுத் தொட்டியில் காப்பின்றி ஆளை இறக்குதலை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது. சாக்கடையில் இறந்தார் குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது.

ஒன்றை வெளிப்படையாகக் கூற வேண்டியுள்ளது. அவ்வாறு இறங்குபவர் பெரும்பாலும் நம் சங்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். அதனாலேயே அவர் நம் நினைவிற்கு வாராமற் போகின்றார். உறவினர்க்கு மட்டும் இரங்குதல் பற்று; நம் வேலைக்கு வந்தவர் எவர்க்கும் இரங்குதலே அறம்.

"இருவர்க்குக் கூலி கொடுக்க இயலுமோ?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. எல்லா வேலைக்கும் இருவர் வேண்டுவதில்லை. தனித்திருப்பவரை நினைந்திருப்பவர் ஒருவர் வேண்டும். கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், தனியே வேலை செய்பவரைக் குறித்த இடைவேளைதோறும் உசாவ ஒருவரை நியமித்தல் வேண்டும். உசாவியதைக் குறித்து வைத்தல் வேண்டும். விடை வாராவிடில் செய்வது இன்னதென முன்னரே வகுத்தல் வேண்டும். வேலை முடிவிலும் உசாவுதல் வேண்டும் என்பது விதி. அவ்விடைவேளையை உழைப்பவரோடு கலந்தே வகுத்தல் வேண்டுமாம்.

அயல்நாட்டை நோக்குவானேன்? நம் ஆனைமலைமேல் வால்பாறையைக் காண்மின். தேயிலைத் தோட்டங்களுக்கிடையே யானைகள் உலவும். மாலையில் தனித்து வீடு திரும்புவார்க்கு அவை நிற்குமிடம் தெரியாமையே பெருங்கேடாய் இருந்தது. இயற்கை பாதுகாப்பு அறக்கட்டளையார் யானை இருக்குமிடத்தைச் செல்பேசிக் குறுஞ்செய்தியாலும், உயர்ந்த கம்பங்களில் ஒளிரும் செவ்விளக்காலும் அறிவிக்கும் முறையை 2011-ஆம் ஆண்டளவில் அமைத்தனர். விளக்கைச் செல்பேசியாலேயே ஏற்றலாம், ஊராரே ஏற்றுகின்றனர். இப்பணிக்காக முனைவர் ஆனந்தகுமார் 2015-இல் விட்லி விருது பெற்றார். உடன் நடக்க ஆளில்லாத இடத்தில் முன்னறிவே துணையாயிற்று.

ஆதலின் அன்பர்காள், ஐந்து செயல்களைச் சங்கத்தார் மேற்கொள்ளுமாறு வேண்டுகிறேன். ஒன்று, இரவு வேலைக்குச் செல்பவர்க்குக் கைவிளக்கும், முழங்கால் அளவு காலணியும், கோலும் உடையவரே தருக. இரண்டு, மோட்டார்ப் பெட்டிக்கு நில இணைப்பும் மின்கசிவைத் தடுக்கும் கருவியும் அமைக்க. மூன்று, செல்பேசியால் மோட்டாரை இயக்கும் கருவியும் சொட்டுநீர்ப் பாசனமும் இயன்றோர் அமைத்து, இருளில் செல்லும் தேவையையே குறைக்க. நான்கு, தனித்திருப்பவரை மணிக்கொரு முறை அழைக்க. விடையின்றேல் உறக்கம் பாராது எழுந்து செல்க. ஐந்து, கிணற்றிலும் தொட்டியிலும் காற்றை ஆராயாமலும், கயிறும் மேலே ஆளும் இன்றியும் எவரையும் இறக்கற்க.

வேலையாள் வீடு சேர்ந்த செய்தி கேட்டபின் விளக்கணைக்கும் வழக்கம் நம் வீடுதோறும் உண்டாகுக. இக்கருத்தைத் தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு அவையோரை வேண்டுகின்றேன்.