ஊர்க் கழகங்களும் ஊர்ப்பணியும்



நாலு பேர் கூடினால் ஒரு சங்கம் அமைத்துவிடுவார்கள். அமைத்த மறுநாளே தலைவர் யார், செயலாளர் யார் என்று பிணங்கிக்கொள்வார்கள் என்று நம்மவர்களைப் பற்றி நாமே நகையாடிக்கொள்வதுண்டு. அந்த நகைப்பிலே உண்மை இல்லாமலும் இல்லை. ஆயினும், நாலு பேர் கூடிய ஒரு சிறு கூட்டத்திலிருந்து உலகமெங்கும் பரந்த ஓர் இயக்கம் தோன்றியதும் உண்டு. றோட்டரிக் கழகம் என்று நாம் அறிந்திருக்கும் அந்த இயக்கத்தின் வரலாற்றிலே, விழா மேடைகளில் அதிகம் பேசப்படாத சில பகுதிகளை எடுத்துக்கொண்டு, ஓர் ஊரிலுள்ள கழகம் அவ்வூருக்குச் செய்யத்தக்க பணி யாது என்பதைப் பற்றி இன்று சிறிது சொல்ல விரும்புகிறேன்.

1905ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 23ஆந் திகதி, அமெரிக்காவிலே சிக்காகோ நகரில், ஓர் அலுவலக அறையிலே நால்வர் கூடினர். ஒருவர் போல் ஹரிஸ் என்னும் வழக்கறிஞர். மற்றவர்களில் ஒருவர் நிலக்கரி வியாபாரி. ஒருவர் சுரங்கப் பொறியியலாளர். ஒருவர் தையற்றொழில் நடத்தியவர். ஹரிஸ் கிராமப்புறத்தில் தம் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தவர். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் வளர்ந்த ஒருவருக்கு, எவரும் எவரையும் அறியாத பெருநகரம் எப்படி இருந்திருக்கும் என்பதை, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பிறந்து கொழும்பிலே அறை எடுத்துத் தங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தனிமையைப் போக்கவே அவர் நண்பர்களைச் சேர்த்தார். ஒருமுறை ஒருவர் அலுவலகம், மறுமுறை மற்றொருவர் அலுவலகம் என்று கூட்டம் சுழன்று வந்தமையால், சுழற்சியைக் குறிக்கும் றோட்டரி என்ற பெயர் அதற்கு அமைந்தது.

தொடக்கத்தில் அக்கழகத்தின் நோக்கம் இரண்டே. ஒன்று தோழமை, மற்றது ஒருவர் வியாபாரத்துக்கு மற்றவர் கைகொடுத்தல். ஒரு தொழிலுக்கு ஓர் அங்கத்தவர் என்பது விதி. வழக்குக்கு இந்த வழக்கறிஞர், நிலக்கரிக்கு இந்த வியாபாரி, சட்டை தைக்க இந்தத் தையற்காரர் என்று தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் ஊருக்கு இதனால் வந்த பயனும் ஒன்றும் இல்லை.

இதை முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னவர் டொனால்ட் கார்ட்டர் என்னும் மற்றொரு வழக்கறிஞர். 1906ஆம் ஆண்டிலே அவரைக் கழகத்தில் சேரும்படி அழைத்தபோது அவர் உடன்படவில்லை. தன் அங்கத்தவர்களுக்கு மாத்திரம் நன்மை தேடும் ஒரு கழகத்துக்கு எதிர்காலம் இல்லை. வெளியிலுள்ளவர்களுக்கும் அது ஏதேனும் செய்தாக வேண்டும் என்பது அவர் கருத்து. அழைத்தவர்கள் மனத்தாங்கல் கொள்ளவில்லை. அவரையே சேர்த்துக்கொண்டு, நகரத்தின் நலனை வளர்ப்பது என்ற மூன்றாவது நோக்கத்தைத் தங்கள் விதிகளிலே எழுதிக்கொண்டார்கள். சேர மறுத்தவரின் சொல்லைக் கேட்டுத் தன் விதியைத் திருத்திக்கொண்ட சங்கங்கள் உலகில் அதிகம் இரா என்றே நினைக்கிறேன்.

இனி, அந்தக் கழகம் எடுத்துக்கொண்ட முதலாவது பெரும்பணி யாது? மாளிகையன்று, மணிக்கூண்டன்று, சிலையுமன்று. நேயர்கள் புன்முறுவல் செய்யக்கூடும்: அது பொது மலசலகூடம்.

அக்காலச் சிக்காகோவிலே, கடைவீதிக்கு வந்த ஆண்மகன் ஒருவனுக்கு அந்தத் தேவை உண்டானால் அவன் தவறணைக்குள் நுழைய வேண்டும். நுழைந்தவன் ஒரு கிண்ணம் மது வாங்காமல் வெளியே வருவது மரியாதையாகாது. பெண்ணானால் பெரிய புடைவைக் கடைகளுக்குள்ளே செல்ல வேண்டும். அங்கும் வெறுங்கையுடன் திரும்புவது கூச்சமாக இருக்கும். அதாவது, உடலின் ஓர் எளிய தேவை சிலருடைய வியாபாரத்துக்கு வாசலாக அமைந்திருந்தது. 1907ஆம் ஆண்டிலே போல் ஹரிஸ் நகரத்திலுள்ள பிற சங்கங்களையும் அழைத்துக் கூட்டி, பொது மலசலகூடம் அமைக்குமாறு நகரசபையைக் கேட்கத் தொடங்கியபோது, எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதை நேயர்கள் இப்போது ஊகித்திருப்பீர்கள். மதுவடிப்போர் சங்கம் எதிர்த்தது. பெருங்கடைக்காரர் சங்கம் எதிர்த்தது. ஆண்களுக்குத் தவறணைகள் இருக்கின்றன, பெண்களுக்கு எங்கள் கடைகள் இருக்கின்றன, பொதுப்பணத்தை வீணாக்குவானேன் என்பது அவர்கள் வாதம். இரண்டாண்டுகள் வரை இழுபட்டு, 1909இலே நகர மண்டபத்துக்கு அருகே அது திறக்கப்பட்டது.

இந்தச் சிறிய கதையிலே நான் பெரிதும் மதிப்பது ஒன்றுண்டு. அங்கத்தவர்கள் எல்லோரும் தொழில் நடத்தியவர்கள். தாங்களே பணம் திரட்டி ஒரு சிறு கூடத்தைக் கட்டி, அதன் நெற்றியிலே கழகத்தின் பெயரைப் பொறித்திருக்கலாம். அவ்வாறு செய்திருந்தால் ஒரே மாதத்தில் காரியம் முடிந்திருக்கும், புகைப்படமும் எடுத்திருக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டு அதைக் கழுவுவது யார், குழாய் உடைந்தால் மாற்றுவது யார்? அது நகரசபையின் கடமை; நகரசபையே அதைச் செய்ய வேண்டும்; செய்யும்வரை கேட்டுக்கொண்டிருப்பது எங்கள் கடமை என்று அவர்கள் கொண்டார்கள். நமது சந்தைகளிலும் பஸ் நிலையங்களிலும், காலையில் காய்கறிக் கூடையுடன் வந்து மாலையில் வீடு திரும்பும் பெண்கள் படும் அவதியை அறிந்தவர்கள், சிக்காகோவின் அந்தப் பழைய வழக்கு இன்னும் தீர்ந்துவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

றோட்டரி நம் நாட்டுக்கு வந்தது 1929ஆம் ஆண்டிலே. கனடாவைச் சேர்ந்த ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் கீழைத்தேச நகரங்கள்தோறும் பயணஞ் செய்து கழகங்களைத் தோற்றுவித்தபோது, கொழும்பிலும் ஒன்று அமைந்தது. சென்னையிலும் அதே ஆண்டிலே அமைந்தது. நகரத்துப் பெரிய மனிதர்கள் மதியபோசனத்துக்குக் கூடும் இடம் என்று நம் மக்கள் அதை நெடுங்காலம் எட்டநின்றே பார்த்தார்கள். அந்தப் பார்வை முற்றிலும் அநியாயமானது என்று நான் வாதாட வரவில்லை. பெண்களை அங்கத்தவராக ஏற்பதற்கு இவ்வியக்கத்துக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. பெண்களைச் சேர்த்த குற்றத்துக்காகக் கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சிற்றூரின் கழகம் நீக்கப்பட, வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்று, 1987இலே தீர்ப்பான பின்னரே கதவு திறந்தது. 1989இலே உலக முழுவதற்குமான விதியும் மாற்றப்பட்டது. ஊர்ப்பணி செய்வோம் என்று சொல்லிக்கொண்டு ஊரில் பாதிப்பேரை வெளியே நிறுத்தியிருந்த கழகம் அது.

இருந்தும், இளம்பிள்ளைவாதத்தை ஒழிக்கும் பணியிலே அவ்வியக்கம் ஆற்றியதை மறைக்க இயலாது. போலியோ என்று நாம் வழங்கும் இந்நோயின் கிருமி, பெரும்பாலும் மலத்தினால் மாசுபட்ட நீர், கை, உணவு ஆகியவற்றின் மூலமாகப் பரவுவது. கிருமி தொற்றியவர்களில் ஏறக்குறைய இருநூறு பேருக்கு ஒருவரே முடமாகிறார். ஏனையோர் நோயின் அடையாளம் அதிகம் இன்றியே கிருமியைப் பரப்பிவிடுகிறார்கள். ஆகவே நோயாளியைத் தேடிப்பிடித்து மருந்து கொடுப்பதனால் இதை ஒழிக்க முடியாது. ஒரு குழந்தையும் விடுபடாமல் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பு மருந்து கொடுத்தாக வேண்டும். 1979ஆம் ஆண்டிலே பிலிப்பைன் தீவுகளில் அறுபது இலட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் வேலையில் றோட்டரி இறங்கியது. 1985இலே அதையே உலகப் பணியாக ஏற்றது. 12 கோடி டொலர் திரட்ட எண்ணியவர்கள், 1988ஆம் ஆண்டளவில் 24 கோடிக்கும் மேல் திரட்டினார்கள். அவ்வாண்டிலே 125 நாடுகளில், ஆண்டொன்றுக்கு மூன்றரை இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாகிக்கொண்டிருந்தனர். இன்று, இயற்கைக் கிருமி தொடர்ந்து பரவிவரும் நாடுகளாக எஞ்சி நிற்பவை ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானுமே.

நம் நாட்டிலே 1962இல் இந்நோய் பெருவாரியாகப் பரவியது. அவ்வாண்டிலேயே சொட்டு மருந்தும் அறிமுகமாயிற்று. கடைசி நோயாளி காணப்பட்டது 1993இலே. 1995 முதல் நாடு முழுவதும் குறித்த நாட்களில் சொட்டு மருந்து கொடுக்க ஏற்பாடாயிற்று. அது யுத்த காலம். ஆயினும் இரு தரப்பினரும் அந்த நாட்களிலே துப்பாக்கிகளை மௌனமாக்க இணங்க, பனிக்கட்டிப் பெட்டிகளிலே மருந்து எல்லைகளைத் தாண்டிச் சென்றது. 2014ஆம் ஆண்டு மார்ச் 27ஆந் திகதி, இலங்கையும் இந்தியாவும் அடங்கிய தென்கிழக்காசியப் பிராந்தியம் இந்நோயினின்றும் நீங்கியதாக உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது.

இப்பெரும்பணியிலே பணம் எவ்வளவு வேலை செய்தது, மனிதர் எவ்வளவு வேலை செய்தனர் என்று பிரித்துப் பார்ப்பது நன்று. மருந்தைப் பணம் வாங்கித் தரும். ஆனால் எந்த ஒழுங்கையில் எந்த வீட்டில் சென்ற வாரம் குழந்தை பிறந்தது, இடம்பெயர்ந்து வந்த எந்தக் குடும்பம் யார் வளவில் தங்கியிருக்கிறது, ஊசிக்கும் மருந்துக்கும் அஞ்சிப் பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் பாட்டி எவர் என்பவற்றைப் பணம் அறியாது. அவற்றை அறிந்தவர் அந்தப் பகுதியின் மருத்துவமாது. அவருக்கு அடுத்தபடியாக அறிந்தவர்கள் ஊர்ச் சங்கத்தவர்கள்.

ஊர்ச் சங்கம் என்றேன். நம் கிராமங்களிலே அதற்குரிய பெயர் சனசமூக நிலையம். ஒரு மண்டபம், முன்பக்கத்திலே பத்திரிகைகளைப் பரப்பிவைக்கும் நீண்ட மேசை, சுவரிலே மறைந்த தலைவர்களின் படங்கள், பக்கத்திலே பாலர் பாடசாலை, பின்னாலே கரப்பந்து விளையாடும் முற்றம். காலையிலே தோட்டத்துக்கு இறைத்துவிட்டு வருபவரும், ஓய்வுபெற்ற ஆசிரியரும், வேலை தேடும் இளைஞரும் ஒரே பத்திரிகையைப் பக்கம் பக்கமாகப் பிரித்துவைத்து வாசிப்பார்கள். குளத்து வாய்க்காலைச் சிரமதானத்தினால் துப்புரவாக்குவதும், தாய் சேய் நல வைத்தியம் நடத்த இடங்கொடுப்பதும், மரணவீட்டுக்குக் கதிரை அனுப்புவதும் அந்நிலையமே. போல் ஹரிஸ் சிக்காகோவிலே தேடியலைந்த பொருள் நம் கிராமத்தவருக்கு வாசலிலேயே கிடைத்திருந்தது. இதனால் நம் நிலையங்கள் எல்லாம் பழுதற்றவை என்று கருதிவிடக் கூடாது. ஒரே ஊரில் இரண்டு நிலையங்கள் இருப்பதற்கு எப்போதும் தூரமே காரணமாக இருந்ததில்லை என்பதை நேயர்கள் அறிவீர்கள். கார்ட்டர் கேட்டதை அங்கேயும் கேட்க வேண்டியிருந்தது.

2009இலே யுத்தம் முடிந்த பின், இடிந்துபோன நிலையங்கள் பல மீண்டும் எழுந்தன. வெளிநாடுகளிலே வாழும் ஊரவர்கள் தாராளமாகவே உதவினார்கள். சில ஊர்களிலே, நான் பார்த்த அளவில், பழைய கட்டடத்தைக் காட்டிலும் அழகான கட்டடம், சலவைக்கல்லிலே உபகரித்தோர் பெயர்கள், வாசலிலே பூட்டு. பத்திரிகைக்குச் சந்தாக் கட்டுவதற்கும், விளக்குக்குக் காசு கொடுப்பதற்கும், மாலையிலே வந்து கதவைத் திறப்பதற்கும் ஆள் இல்லை. கட்டடத்துக்குப் பணம் அனுப்பியவர்களைக் குறை சொல்வது முறையன்று; அவர்களால் இயன்றது அதுவே. மாதாந்தச் சந்தா ஐம்பது ரூபாவோ நூறு ரூபாவோ, அதை வீடுவீடாகச் சென்று வாங்கும் வேலையை வெளிநாட்டிலிருந்து செய்ய முடியாது. அது உள்ளூரில் இருப்பவர்களின் வேலை. அதிலும், பத்திரிகை வாசிக்க வரும் பழக்கம் குறைந்துவிட்ட இந்நாளிலே, நிலையத்தை எதற்காகத் திறப்பது என்பதை ஒவ்வோர் ஊரும் புதிதாக எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் மாலையிலே இருந்து படிக்க ஒரு வெளிச்சமான இடம், முதியவர்களுக்கு மாதமொருமுறை இரத்த அழுத்தம் பார்க்கும் ஒழுங்கு, பிரதேச சபைக்கு எழுதிய கடிதத்துக்கு மறுமொழி வந்ததா என்று கேட்கும் ஒரு கூட்டம்: இவை எவற்றுக்கும் புதிய கட்டடம் வேண்டியதில்லை.

வருடாந்தப் பொதுக்கூட்டத்திலே கணக்கறிக்கையும் செயலறிக்கையும் வாசிக்கப்படுவது வழக்கம். அடுத்த கூட்டத்துக்குச் செல்லும் நேயர்கள், அவற்றோடு இன்னுமொன்றையும் வாசிக்கும்படி செயலாளரைக் கேட்கலாம்: சென்ற ஆண்டிலே நிலையத்தின் கதவு எத்தனை நாட்கள் திறந்திருந்தது, திறப்பு யாரிடம் இருந்தது என்று.