பாக்கெட்டில் எழுதும் வாசகம் யாருக்குச் சொந்தம்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதிலிருந்து)



மசாலா, ஊறுகாய் போடுற குழுக்கள் பாக்கெட்டில் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதுறீங்க. "அந்த வரியை வேற யாரும் போடாம தடுக்க முடியுமா மேடம்?"னு போன மாதம் கேட்டீங்க. முடியும். ஆனா எல்லா வரிக்கும் முடியாது.

காப்பிரைட் இதுக்கு உதவாது. கதைக்கும் பாட்டுக்கும் அது உண்டு, லேபிளில் வரைந்த படத்துக்கும் உண்டு. 'தேசி பாய்ஸ்' என்ற இந்திப் படத்தின் வழக்கில், வெறும் தலைப்புக்குக் காப்பிரைட் இல்லை என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு மூன்று சொல் உள்ள வாசகத்துக்கும் அதே கதைதான். நமக்குள்ள வழி டிரேட்மார்க், அதாவது வணிக முத்திரை.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கு. ஐ.டி.சி. கம்பெனி 2010-லிருந்து நூடுல்ஸ் பாக்கெட்டில் 'மேஜிக் மசாலா'ன்னு போட்டு வந்தது. 2013-ல் நெஸ்லே தன் மேகி பாக்கெட்டில் 'மேஜிக்கல் மசாலா'ன்னு போட்டது. ஐ.டி.சி. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. 2020-ல் தோற்றது, மேல்முறையீட்டிலும் தோற்றது. 'மேஜிக்' என்பது பொருளைப் புகழ்கிற சொல், 'மசாலா' ஊருக்கே பொதுவான சொல், இதை ஒருத்தர் மட்டும் பிடித்து வைக்க முடியாது என்பது தீர்ப்பு.

அப்போ 'சுவையான மசாலா', 'சுத்தமான தேன்' எல்லாம் நமக்கு மட்டும் கிடைக்குமா? நியாயம்தானே, பக்கத்து ஊர் குழுவும் சுத்தமான தேன் விற்க வேண்டாமா! 'பத்து வீட்டு உலக்கை' மாதிரி யோசிங்க. அதுக்கு வாய்ப்பு அதிகம். ஏற்கனவே யாராவது பதிந்திருக்காங்களா என்று பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம். காலேஜ் படிக்கிற பிள்ளைங்க பார்த்துச் சொல்லிடுவாங்க.

உதயம் சான்றிதழ் இருந்தா ஆன்லைனில் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். மசாலா 30-வது வகை, ஊறுகாய் 29. இரண்டுக்கும் வேணும்னா இரண்டு கட்டணம். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவு வரும் வரை 'டி.எம்.' போட்டுக்கலாம். பதியாமல் வட்டத்துக்குள் 'ஆர்' போட்டா அது குற்றம்.

எனக்குப் பெரிய கவலை வேற. மொத்தமா சரக்கு எடுக்கிற வியாபாரி, "லேபிளும் நானே அடிக்கிறேன், பதிவும் நானே செய்றேன், உங்களுக்குச் செலவில்லை" என்பார். பதிவு அவர் பேரில் போனா வாசகமும் அவருக்குத்தான். நாளைக்கு அதே வாசகத்தை ஒட்டி வேற இடத்துச் சரக்கை விற்பார், நாம பார்த்துக்கிட்டு இருக்கணும். ஊக்குநர் பேரிலும் வேண்டாம். அவங்க குழுவை விட்டுப் போனா என்ன செய்வீங்க? பதிவு பெற்ற நம்ம கூட்டமைப்பின் பேரில் விண்ணப்பம் போடுவோம். எந்தக் குழுவோட வாசகம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க.

முன்னாடியிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வர்றவரை, பின்னால் வந்து பதிந்தவர் தடுக்க முடியாதுன்னு சட்டத்தின் 34-வது பிரிவு சொல்லுது. ஆனா நாமதான் முந்தி என்று காட்ட ஆதாரம் வேணும். பழைய பில்லை அடுப்புப் பற்ற வைக்க எடுத்திடாதீங்க. முதல் லேபிள், அச்சகத்து பில், கண்காட்சி ரசீது, எது இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. குழுவுக்கு ஒரு ஃபைல் போட்டுடலாம்.