பாலம் மூடிய நாட்களில்

மலேசியாவின் செனாயில் விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிவிடும். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். 2020 மார்ச் 18-ஆம் தேதி கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, எல்லை மூடியது. தினமும் சுமார் 3 லட்சம் பேர் கடந்த எல்லை அது. இரு நாடுகளுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் பாலம்தான். ஆனால் அந்தப் பக்கம் தங்கிவிட்ட அப்பாவால் இந்தப் பக்கம் இருந்த பிள்ளையைப் பார்க்க முடியவில்லை.

கோவிலுக்குப் போய் அழவும் வழியில்லை. 2021 தைப்பூசத்துக்குக் காவடியும் இல்லை, பால்குடமும் இல்லை. வீட்டுச் சாமி மேடைதான் கோவில். குத்துவிளக்கில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து அம்மா கற்பூரம் காட்டுவார். வாடகை அறையில் இருந்தபடி அப்பா திரையில் கும்பிடுவார்.

முதலில் எல்லாரும் கேட்டது, "சீக்கிரம் பாலம் திறக்கணும் தாயே" என்றுதான். திறக்கவில்லை. மாதங்கள் போகப்போக, "எங்கே இருந்தாலும் நீதான் துணை" என்று அந்த வேண்டுதல் மாறிற்று. கேட்டது கிடைக்காத வீட்டிலும் மறுநாள் விளக்கேற்றினார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அப்பர் சுவாமிகளும் அப்படித்தான். அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள் என்கிறது பெரியபுராணம். நமச்சிவாயப் பதிகத்தை அவர் பாடியது கரையேறிய பிறகல்ல, தண்ணீரில் கிடந்தபோதே.

தடுப்பூசி போட்டவர்களுக்குத் தனிமைப்படுத்தல் இல்லாமல் எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி. வந்து சேர்ந்தவர்கள், தள்ளிப்போன நேர்த்திக்கடனைச் செலுத்தக் குடும்பத்தோடு கோவிலுக்குப் போனார்கள்.