கையெழுத்துக்குக் காத்திருக்கும் குழந்தை



குழந்தை மருத்துவராக உங்களிடம் ஒரே ஒரு செய்தி சொல்ல வந்திருக்கிறேன். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தையின் மூளையை வைரஸ் தாக்கினால், அதை முதலில் கண்டுகொள்ள வேண்டியவர் அந்தக் குழந்தையை மடியில் வைத்திருப்பவர்தான்.

நமக்கு மூளைக்காய்ச்சல் வந்தால் உடம்பு கொதிக்கும், தலை வலிக்கும், பிதற்றுவோம். பதினைந்து நாள் குழந்தை என்ன சொல்லும்? பால் குடிக்க மறுக்கும். எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடக்கும். காய்ச்சல் இல்லாமலே இருக்கலாம். உடம்பு சில்லிட்டும் போகலாம்.

வலிப்பும் நாம் நினைக்கிற மாதிரி வராது. உதட்டைச் சப்புக்கொட்டும். கண் ஒரு பக்கமாகச் சொருகும். கால்கள் சைக்கிள் மிதிக்கும். ஒரு கை மட்டும் விட்டு விட்டு வெட்டி இழுக்கும். அந்தக் கையை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். பிடித்தவுடன் நின்றால் பெரும்பாலும் வெறும் நடுக்கம். பிடித்த பிடிக்குள்ளும் வெட்டினால் வலிப்பு. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். உரம் விழுந்திருக்கிறது, மாந்தம் என்று சொல்லி வீட்டில் ஒரு இரவைக் கழிக்காதீர்கள்.

இப்படி மூளையைத் தாக்கும் கிருமிகளில் நான் அதிகம் அஞ்சுவது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ். பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வருகிறது. அந்தத் தாய்மார்களில் பெரும்பாலோருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. ஆகவே யாரும் அவர்களைக் குறை சொல்லக் கூடாது. உதட்டில் கொப்புளம் உள்ள ஒருவர் ஆசையாகக் கொடுக்கும் முத்தத்தாலும் வரலாம். பச்சைக் குழந்தை உடம்பில் நீர்க்கொப்புளம் கண்டால் அக்கி எழுதக் கூட்டிப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். கொப்புளம் ஒன்றுகூட இல்லாமலும் இந்தக் கிருமி மூளைக்குள் போகும் என்பதையும் மறக்காதீர்கள்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வந்தாயிற்று. டாக்டர் சொல்கிறார்: "முதுகில் நீர் எடுத்துப் பார்க்கணும்." அங்கேதான் வீடு தயங்குகிறது. கால் விளங்காமல் போய்விடுமே என்ற பயம்.

தாய்மார்களே, செவிலியர் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகு வளையப் பிடித்துக்கொள்வார். தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே, இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளின் இடைவெளியில் மெல்லிய ஊசி போகும். தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாகச் சின்னக் குப்பியில் விழும். சிசேரியனுக்கு உங்களுக்கு மரத்துப்போக ஊசி போட்டதும் முதுகின் அதே கீழ்ப்பகுதியில்தான். 1891-ல் ஜெர்மானிய மருத்துவர் குவின்கே வழிகாட்டிய முறை இது.

அந்த நீரை, கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் அறிந்த அதே பிசிஆர் முறையில் சோதிக்கிறோம். நீரில் உள்ள வெள்ளை அணுக்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் போதாது. பரெக்கோ என்ற இன்னொரு வைரஸ் தாக்கிய குழந்தைக்கு அந்த எண்ணிக்கை சரியாகவே இருக்கக்கூடும். ஹெர்ப்பிஸுக்கும் முதல் நாள் சோதனை 'இல்லை' என்று காட்டிவிட்டு, மறு சோதனை 'உண்டு' என்று காட்டலாம். கூடவே கண், வாய், ஆசனவாயில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்போம். ரத்தம், மூளை அலைப் பதிவு, எம்ஆர்ஐ ஸ்கேன் பார்ப்போம்.

முடிவு வரும்வரை மருந்து காத்திருக்காது. சந்தேகம் வந்த அன்றே அசைக்ளோவிர் நரம்பில் ஏறும். அந்த மருந்துக்கு வழிசெய்த ஆய்வுக்குழுவை நடத்திய கெர்ட்ரூட் எலியன் என்ற பெண்மணி 1988-ல் நோபல் பரிசு பெற்றார். மருந்தில்லாத காலத்தில் ஹெர்ப்பிஸால் மூளை தாக்கப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தார்கள். அதிக அளவில் இம்மருந்தைக் கொடுத்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் இறப்பு 4 சதவீதமாக இறங்கியது. ஆனால் பிழைத்த பிள்ளை நடக்குமா, பேசுமா என்பது எத்தனை சீக்கிரம் தொடங்கினோம் என்பதைப் பொறுத்தது. 8 மணி நேரத்துக்கு ஒரு முறை, 21 நாள். ஐந்தாம் நாளே குழந்தை சிரிக்கிறது என்று டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள்.

பெரியோர்களே, கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். முதுகில் நீர் எடுக்கும் ஊசிக்குச் சம்மதம் கேட்டால், இளம் பெற்றோர் சொல்வது: "ஊரிலிருந்து அப்பா வரட்டும் டாக்டர்." அந்த அப்பா நீங்கள்தான். பஸ் ஏறி வந்து சேரும்வரை அவர்களைக் காக்க வைக்காதீர்கள். போனிலேயே சொல்லுங்கள்: "கையெழுத்துப் போடுப்பா, நான் வந்துகொண்டிருக்கிறேன்." உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கும் முதல் சீர் அதுவாக இருக்கட்டும்.