தறியும் கைப்பேசியும்
(சேத்துப்பட்டு குடும்பக் கூட்டத்தில் பேசியது)



நம் தறிமேல் ஏற்றிய ஜக்கார்டு பெட்டியின் அட்டைத் துளைகளே பட்டில் பூவையும் மயிலையும் எழுப்புகின்றன. அவ்வகை அட்டையையே இங்கிலாந்து தேசத்துச் சார்லஸ் பாபேஜ் என்பார் 19-ஆம் நூற்றாண்டில் தமது கணிதப் பொறிக்குக் கைக்கொள்ளக் கருதினார். ஆகையால் கணினி நமக்கு அந்நியமன்று, ஒருவகையில் பங்காளியே.

நிற்க. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடியபோது, பாடத்திற்கென்று கைப்பேசியை நாமே கடன்பட்டு வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். பள்ளி திறந்தது, கைப்பேசி நம் கைக்குத் திரும்பவில்லை. தார் சுற்றுகையில் பாட்டிமார் சொன்ன கதைகளும் உறவுமுறைகளும் இன்று எவர் செவியிலும் ஏறுவதில்லை. அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கும் பொறுமை, நொடிக்கொரு படம் மாறும் திரையில் பழகிய கண்ணுக்கு எவ்வாறு வாய்க்கும்? இரவில் ஒரே கூரையின்கீழ் நால்வரும் நான்கு வெளிச்சத்தில் இருக்கிறோம்.

பணம் வைத்தாடும் கைப்பேசி ஆட்டங்களை விலக்கி மத்திய அரசு 2025-இல் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதார் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருத்தல் தடுக்கப்பட்டது. ஆயினும் பாயருகே வந்து காவலிருக்கச் சட்டத்தால் ஆகுமோ? ஆதலின் நாம் வேண்டுவது யாதெனில், இரவு 9 மணிக்கு மேல் வீட்டுக் கைப்பேசிகள் யாவும், தகப்பனாருடையது முதலாக, மாடத்தில் வைக்கப்படட்டும். எம் இல்லத்தில் ஒரு மாதமாக இவ்வாறே செய்து வருகின்றோம். முதல் வாரம் எமக்குத்தான் மிகக் கடினமாயிருந்தது.